வண்ணம் வந்த வழி

“நூலைப் போலச் சேலை, தாயைப் போலப் பிள்ளை” என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. பசுவின் கன்று பசுவாகவும், புறாவின் குஞ்சு புறாவாகவும் பிறப்பதை நாள்தோறும் கண்ட மக்கள், தாம் கண்ட உண்மையைச் சுருங்கச் சொல்லி வைத்த மொழி இது. ஆயினும், இம்மொழிக்கு மாறுபட்டன போலத் தோன்றும் நிகழ்ச்சிகளும் உலகில் உண்டு. பொன்னிறத் தந்தைக்கும் பொன்னிறத் தாய்க்கும் மைபோற் கரிய குட்டி பிறக்கிறது. வெளிறிய நிறமுடைய இரண்டு உயிர்கள் கூடியவழி, முன்னோரின் பழைய பொன்னிறத்தோடு குட்டிகள் தோன்றுகின்றன. இவை எவ்வாறு நிகழ்கின்றன? பழமொழி பொய்த்துவிட்டதா? அன்றிச் சேலையை மட்டும் பார்த்து, அதனுள் ஓடும் நூலைப் பாராது விட்டோமா? இவ்வினாக்களுக்கு விடை கூறவல்ல சிற்றுயிர் ஒன்று உண்டு. உள்ளங்கையில் அடங்கும் அவ்வுயிரின் பெயர் ஜெர்பில்.

பிறப்பிடமும் பரவிய வரலாறும்

ஜெர்பில் எலியோடு உறவுடைய கொறிக்கும் விலங்கு. இப்பொதுப்பெயரால் வழங்கும் வகைகள் பல. தமிழ்நாட்டு வயல்களில் வளை தோண்டி வாழ்வதும் உழவரால் வெள்ளெலி எனப்படுவதுமாகிய உயிரும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. எனினும், பல நாட்டு மக்கள் மனைகளில் விரும்பி வளர்ப்பது மங்கோலிய ஜெர்பில் என்னும் வகையாகும்.

மங்கோலியாவிலும் வடசீனத்திலும் பரந்து கிடக்கும் புல்வெளிகளும் வறண்ட நிலங்களும் அதன் தாயகம். கோடையில் கடுவெயில் காய்ந்து, குளிர்காலத்தில் உறைபனி மூடும் அந்நிலத்தில், அது மண்ணுக்கடியில் வளை அகழ்ந்து, விதைகளைச் சேமித்து, சிறிதளவு நீரைக் கொண்டே உயிர் வாழ்கிறது. இடர் வரக் கண்டால் பின்கால்களால் நிலத்தைத் தட்டித் தன் சுற்றத்தை எச்சரிக்கும். அதன் உடல் ஏறத்தாழ 12 செ.மீ. நீளமுடையது, மயிரடர்ந்த வாலும் ஏறக்குறைய அவ்வளவே. ஆணும் பெண்ணும் இணைபிரியாது வாழும் இயல்பின. குட்டிகளைப் பேணுவதில் தந்தைக்கும் பங்குண்டு. பெண் ஜெர்பில் 24 முதல் 26 நாள் சூல் சுமந்து, ஓர் ஈற்றில் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு குட்டிகளை ஈனும். பிறந்த குட்டிகளுக்கு மயிரும் இராது, கண்ணும் திறந்திராது.

1866ஆம் ஆண்டில் அர்மான் தாவீது என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் வடசீனத்திலிருந்து இவ்வுயிரைப் பாரிஸ் நகர இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலைக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மில்ன் எட்வர்ட்ஸ் என்னும் அறிஞர் 1867இல் இதனை விவரித்து, ‘நகமுடையது’ எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை இதன் பெயரில் அமைத்தார். பின்னர் நெடுங்காலம் இவ்வுயிரைப் பற்றி உலகம் நினைக்கவில்லை. 1935இல் அமுர் ஆற்றுப் பகுதியில் இருபது இணைகள் பிடிக்கப்பட்டு, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பெற்றன. அவற்றின் வழிவந்தவை ஜப்பான் நாட்டில் பெருகின. அங்கிருந்து 1954இல் விக்டர் சுவெண்ட்கர் என்பார் பதினொரு இணைகளை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள்ளும் சிலவே வழித்தோன்றல்களை விட்டுச்சென்றன. அச்சிலவற்றின் மக்களும் மக்களின் மக்களும் ஆய்வுக்கூடங்களிலும், பின்னர் இல்லங்களிலும் பல்லாயிரமாகப் பெருகினர்.

ஒரு சிறு குடியிலிருந்து பெருங்கூட்டம் தோன்றுமாயின், உறவினருள்ளே உறவு நிகழ்வது தவிராது. அவ்வழி, காட்டில் வெளிப்படாது மறைந்து கிடக்கக்கூடிய மாறுதல்கள் வளர்ப்பிடத்தில் வெளிப்படுகின்றன. புதிதாக நேரும் மாறுதல்களும் மனிதர் கண்ணுக்குத் தப்புவதில்லை. காட்டிற் பொன்னிறம் ஒன்றே உடையதாயிருந்த ஜெர்பில், இன்று கருமை, சாம்பல், தேன், வெண்மை எனப் பல வண்ணங்களில் காணப்படுவது இதனாலேயே.

ஒரு மயிரில் மூன்று வண்ணம்

புதிய நிறங்களின் வரவை அறிய வேண்டுமாயின், பழைய நிறம் எவ்வாறு அமைந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும். காட்டு ஜெர்பிலின் முதுகு மணல்போற் பொன்னிறமாகத் தோன்றும், வயிறு வெளுத்திருக்கும். ஆயின், முதுகு மயிர் ஒன்றைக் கூர்ந்து நோக்கினால் அதில் ஒரே நிறம் இராது. அடிப்பகுதி கருஞ்சாம்பல், இடைப்பகுதி பொன்மஞ்சள், நுனி கருமை. இம்மூன்றும் கலந்து தோன்றுவதாலேயே, பருந்து மேலிருந்து நோக்கும்போது மணலையும் ஜெர்பிலையும் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை. நிறமே அதற்குக் கேடயம்.

விலங்கின் மயிருக்கு நிறந்தரும் பொருளுக்கு மெலனின் என்பது பெயர். அது கருமை தருவது, மஞ்சள் தருவது என இருவகைப்படும். மயிர் வேரிலிருந்து வளர்வதால் நுனியே முதலில் உருவாகிறது. அப்போது கருநிறமி ஊறுகிறது. சிறிது காலம் சென்றபின் கருநிறமி ஓய்ந்து மஞ்சள் நிறமி ஊறுகிறது. இறுதியில் மீண்டும் கருநிறமி வருகிறது. ‘இப்போது கருமை, இப்போது மஞ்சள்’ என்று ஏவல் செய்வது போல இம்மாற்றத்தை நடத்துவது, உயிரணுவினுள் அமைந்த ஒரு மரபணுவாகும். இதற்கு அகூட்டி மரபணு என்று பெயர். தென் அமெரிக்காவில் வாழும் அகூட்டி என்னும் விலங்கின் மயிரும் இவ்வாறே பட்டை பட்டையாக அமைந்திருத்தலின் இப்பெயர் வந்தது.

இம்மரபணு பழுதுற்றால் மஞ்சள் நிறமிக்குரிய ஏவல் பிறவாது. கருநிறமி ஓயாது ஊறும். மயிர் அடிமுதல் நுனிவரை கருத்துவிடும். இங்ஙனம் தோன்றியதே கரு ஜெர்பில். புதிய நிறம் ஒன்று வந்து சேர்ந்ததனால் அது கருமையாகவில்லை; பழைய ஏவல் ஒன்று நின்றுபோனமையால் கருமையாயிற்று. இந்நுட்பத்தை மனத்திற் கொண்டால் மேல்வரும் செய்திகள் எளிதில் விளங்கும்.

மெண்டல் கண்ட உண்மை

ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு பண்புக்கும் இரண்டு மரபணுக்களைப் பெற்றுள்ளது. ஒன்று தந்தை தந்தது. மற்றொன்று தாய் தந்தது. இவ்வுண்மைக்கு அடித்தளம் இட்டவர் கிரிகோர் மெண்டல் என்னும் துறவி. அக்காலத்தில் ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்ததும், இக்காலத்தில் செக் நாட்டில் உள்ளதுமாகிய புருனோ நகரத்து மடத்துத் தோட்டத்தில், 1856ஆம் ஆண்டு தொடங்கி அவர் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆய்ந்தார். மஞ்சள் விதைச் செடியையும் பச்சை விதைச் செடியையும் கலந்தபோது, முதல் தலைமுறையில் எல்லாம் மஞ்சளாகவே விளைந்தன. பச்சை அழிந்துவிட்டது என்றே பிறர் எண்ணியிருப்பர். மெண்டல் அவ்வாறு எண்ணாது, அம்மஞ்சள் விதைகளை மீண்டும் விதைத்து, அடுத்த தலைமுறையின் விதைகளை ஒவ்வொன்றாக எண்ணினார். மஞ்சள் 6022, பச்சை 2001. மூன்றுக்கு ஒன்று என்னும் அளவில் பச்சை மீண்டு வந்தது. அது அழியவில்லை, மறைந்திருந்தது.

முன்னின்று தன்னைக் காட்டும் பண்பு ஓங்கு பண்பு எனப்படும். அதன்பின் மறைந்து நிற்பது ஒடுங்கு பண்பு எனப்படும். ஒடுங்கு பண்பு வெளிப்பட வேண்டுமாயின், தாய் தந்தை இருவரும் அதனையே தந்திருத்தல் வேண்டும். மெண்டல் 1865இல் இதனை அறிஞர் அவையிற் கூறினார். 1866இல் அக்கட்டுரை அச்சேறியது. எனினும், அதன் அருமையை உலகம் உணரவில்லை. அவர் 1884இல் மறைந்து பதினாறு ஆண்டுகள் சென்றபின், 1900இல் அறிஞர் மூவர் தனித்தனியே ஆய்ந்து அவ்வுண்மையை மீண்டும் கண்டனர். 1902இல் லூசியன் குவேனோ என்னும் பிரெஞ்சு அறிஞர், நான்சி நகரில் சுண்டெலிகளை வளர்த்து, செடிக்குரிய விதி விலங்குக்கும் உரியதே என நிலைநாட்டினார். அவர் துணைக்கொண்டதும் மயிரின் நிறத்தையே.

பொன்னிறப் பெற்றோருக்குக் கருங்குட்டி

ஜெர்பிலில் பொன்னிறம் ஓங்கு பண்பு. கருமை ஒடுங்கு பண்பு. ஒரு பொன்னிற ஜெர்பில் தன் இரண்டு மரபணுக்களும் பொன்னாக உடையதாயிருக்கலாம். ஒன்று பொன்னும் ஒன்று கருமையுமாக உடையதாயிருக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்னதைத் தூய பொன் என்றும், பின்னதைக் கருமை கரந்த பொன் என்றும் கூறலாம்.

கருமை கரந்த பொன்னிற ஜெர்பில்கள் இரண்டு இணைந்தால் என்ன நிகழும்? தந்தை தரக்கூடியது பொன் அல்லது கருமை. தாய் தரக்கூடியதும் அவ்வாறே. ஆகவே, பொன்னும் பொன்னும், பொன்னும் கருமையும், கருமையும் பொன்னும், கருமையும் கருமையும் என நால்வகைச் சேர்க்கைகள் உண்டு. முதல் மூன்றும் பொன்னிறமாகத் தோன்றும்; நான்காவது கருங்குட்டி. ‘எங்கிருந்து வந்தது இக்கருமை?’ என்று வியப்பவருக்கு விடை இதுவே: அது தாயிடமிருந்தும் வந்தது, தந்தையிடமிருந்தும் வந்தது. இருவரும் தாம் பெற்றிருந்ததும் தம்மிடம் தோன்றாததுமான ஒன்றைக் குட்டிக்கு அளித்தனர். இங்குப் பழமொழி பொய்க்கவில்லை. சேலையின் மேற்புறத்தில் தோன்றாத இழையும் நூலே அன்றோ?

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். மூன்றுக்கு ஒன்று என்னும் கணக்கு ஒவ்வோர் ஈற்றுக்கும் இட்ட ஆணை ஆகாது. நான்கு முறை காசு சுண்டினால் இருமுறை தலையும் இருமுறை பூவும் விழவேண்டும் என்னும் நியதி உண்டா? நான்கும் தலையாகவும் விழலாம். அதுபோல, நான்கு குட்டிகளுள் கருங்குட்டி ஒன்றும் இராமற் போகலாம். இரண்டு இருக்கவும் கூடும். நூற்றுக்கணக்கிற் குட்டிகளை எண்ணும்போதே அவ்விகிதம் தெளிவாகப் புலப்படும். மெண்டல் ஆயிரக்கணக்கான விதைகளை எண்ணியதன் பெருமை இதில் விளங்கும்.

காணாததைக் காணும் வழி

ஒரு பொன்னிற ஜெர்பில் தூய பொன்னா, கருமை கரந்த பொன்னா என்பதை அறிய வழி உண்டு. அதனைக் கரு ஜெர்பில் ஒன்றோடு இணைத்தல் வேண்டும். கரு ஜெர்பிலிடம் கருமையன்றி வேறு தருவதற்கு இல்லை. எனவே, குட்டியின் நிறத்தை முடிவு செய்வது மற்றொரு பெற்றோர் தருவதே. அது தூய பொன்னாயின் குட்டிகள் யாவும் பொன்னிறமாகவே பிறக்கும். கருமை கரந்ததாயின் ஏறத்தாழப் பாதி கருங்குட்டிகளாகப் பிறக்கும்.

ஒரே ஒரு கருங்குட்டி பிறந்தாலும் ஐயம் தீர்ந்தது. ஒன்றும் பிறவாவிடில் உடனே முடிவு கட்டுதல் கூடாது. கருமை கரந்த பெற்றோருக்கும் முதல் ஐந்து குட்டிகள் பொன்னாகவே பிறப்பது 32இல் ஒரு முறை நிகழக்கூடும். பத்துக் குட்டிகள் தொடர்ந்து பொன்னாகவே பிறப்பது 1024இல் ஒரு முறையே நிகழக்கூடும். குட்டிகள் பெருகப் பெருக ஐயம் தேய்கிறது. ஒன்றை ‘உண்டு’ என்று நிறுவ ஒரு சான்று போதும். ‘இல்லை’ என்று நிறுவப் பல சான்றுகள் வேண்டும். அறிவியல் முழுமைக்கும் பொருந்தும் நெறி இது.

வண்ணங்கள் பெருகும் வகை

நிறத்தை ஆளும் மரபணு அகூட்டி ஒன்றே அன்று. கருநிறமியின் செறிவைக் காப்பது ஒன்று. அது பழுதுற்றால் கருமை மெலிகிறது. கண்ணும் கருமை இழந்து சிவந்து தோன்றுகிறது. பொன்னிற ஜெர்பிலில் இம்மாறுதல் நேர்ந்தால், செங்கண்ணும் இளம்பொன் மேனியும் உடைய குட்டி பிறக்கும். கரு ஜெர்பிலில் நேர்ந்தால், மங்கிய ஊதாச்சாயல் படிந்த சாம்பல் நிறக் குட்டி பிறக்கும். மஞ்சள் நிறமியைக் குறைக்கும் மாறுதல் மற்றொன்று. அதனால் பொன்னிறம் நீங்கிச் சாம்பல் நிறம் தோன்றும். கருநிறமியை ஒதுக்கி மஞ்சளை மிகுவிக்கும் மாறுதல் வேறொன்று. அது பொன்னிற ஜெர்பிலைத் தேன் நிறமாக்கும். கரு ஜெர்பிலை, மஞ்சள்மேல் கருநுனி படிந்த ஜாதிக்காய் நிறமாக்கும். இம்மாறுதல்கள் யாவும் ஒடுங்கு பண்புகளே.

வெப்பத்தால் ஆளப்படும் நிறமும் உண்டு. நிறமியை ஆக்கும் நொதி ஒன்று மாறுதலுற்று, உடலின் வெப்பமான பகுதிகளில் செயலற்றுக் குளிர்ந்த பகுதிகளில் மட்டும் தொழிற்படும். அத்தகைய ஜெர்பில் உடல் வெண்மையாயிருக்க, வால் மட்டும் கருமை படிந்து விளங்கும். சயாம் பூனையின் முகமும் செவியும் வாலும் கருத்திருப்பதும் இக்காரணத்தாலேயே.

இரண்டு மரபணுக்கள் ஒருங்கே தொழிற்படுமாறு காண்போம். கருமையையும் செங்கண்ணையும் உள்ளே கரந்த பொன்னிற ஜெர்பில்கள் இரண்டை இணைத்தால், பதினாறு பங்கில் ஒன்பது பங்கு காட்டுப் பொன்னிறமாகும். மூன்று பங்கு கருமையாகும். மூன்று பங்கு செங்கண் இளம்பொன்னாகும். ஒரு பங்கு செங்கண் ஊதாச்சாம்பலாகும். பெற்றோர் இருவரும் ஒரே நிறத்தினர். மக்களோ நான்கு நிறத்தினர்!

இதனினும் வியப்பானது ஒன்று உண்டு. செங்கண் இளம்பொன் ஜெர்பில் ஒன்றையும் சாம்பல் நிற ஜெர்பில் ஒன்றையும், வேறு மாறுதல் எதையும் கரந்திராதனவாகத் தேர்ந்து இணைத்தால், குட்டிகள் யாவும் கருங்கண் உடைய காட்டுப் பொன்னிறமாகவே பிறக்கும். பெற்றோர் இருவரிடமும் இல்லாத பழைய நிறம் எங்ஙனம் வந்தது? முதலாவதிடம் செறிவு காக்கும் மரபணு பழுது. மஞ்சள் காக்கும் மரபணு நன்று. இரண்டாவதிடம் மஞ்சள் காக்கும் மரபணு பழுது. செறிவு காக்கும் மரபணு நன்று. ஒருவரின் குறையை மற்றவர் நிறைவு செய்ய, மங்கோலியப் புல்வெளியில் ஓடிய மூதாதையின் நிறம் மீண்டும் மலர்கிறது.

வெண்புள்ளி உணர்த்தும் பாடம்

நெற்றியிலோ பிடரியிலோ வெண்புள்ளி அணிந்த ஜெர்பில் காண்பவர் மனத்தைக் கவரும். இப்புள்ளி ஓங்கு பண்பு. இதற்குரிய மரபணு ஒன்று இருப்பினும் புள்ளி தோன்றும். ஆகவே, புள்ளியுடைய இரண்டை இணைத்தால் புள்ளிக் குட்டிகள் மிகும் என்றும், தலைமுறை சில கடந்தால் புள்ளியன்றிப் பிறவாத குடியை ஆக்கிவிடலாம் என்றும் வளர்ப்போர் கருதுவது இயல்பு. ஆயின், எத்துணை முயன்றாலும் அத்தகைய குடி அமைவதில்லை. ஏன்?

இப்புதிருக்கு விடை, ஜெர்பில் மேலை நாட்டு மனைகளுக்கு வருமுன்னரே சுண்டெலியிற் காணப்பட்டது. குவேனோ மஞ்சட் சுண்டெலிகளை இணைத்தபோது, மஞ்சளன்றிப் பிறவாத இணை ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. இதனை 1905இல் அவர் வெளியிட்டார். 1910இல் அமெரிக்க அறிஞர்களான காசிலும் லிட்டிலும் அதன் காரணத்தை விளக்கினர். மஞ்சள் மரபணுவைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற கரு பிறப்பதே இல்லை. தாய் வயிற்றிலேயே மடிந்துவிடுகிறது. எனவே, பிறந்தவற்றுள் மூன்றுக்கு ஒன்று என்னும் விகிதம் இரண்டுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஈற்றின் தொகையும் சிறுத்தது.

ஜெர்பிலின் வெண்புள்ளியும் அத்தகையதே. ஒரு புள்ளி மரபணு அழகு தருகிறது. இரண்டு சேர்ந்தால் கருவிலேயே உயிரைக் கவர்கிறது. புள்ளியுடைய இரண்டு ஜெர்பில்கள் இணைந்து எட்டுக் கருக்கள் உண்டாயின எனக் கொள்வோம். விகிதப்படி இரண்டு மடியும். நான்கு புள்ளியோடு பிறக்கும். இரண்டு புள்ளியின்றிப் பிறக்கும். இனி, புள்ளியுடைய ஒன்றைப் புள்ளியில்லாத ஒன்றோடு இணைத்து எட்டுக் கருக்கள் உண்டாயின எனக் கொள்வோம். நான்கு புள்ளியோடு பிறக்கும். நான்கு புள்ளியின்றிப் பிறக்கும். மடிவது ஒன்றும் இல்லை.

இவ்விரு கணக்கையும் அருகருகே வைத்து நோக்குக. புள்ளிக் குட்டிகள் அங்கும் நான்கு, இங்கும் நான்கு. இரண்டு புள்ளிகளை இணைத்தவன் பெற்ற மிகுதி எதுவும் இல்லை. அவன் இழந்தது இரண்டு உயிர். அழகின்மேல் வைத்த ஆசையால், அழகிலும் ஒன்று கூடாமல் உயிரிலே இரண்டு குறைந்தன. இதனை அறியாது செய்தவன் இரங்கத்தக்கவன். அறிந்தபின்னும் செய்பவனுக்குக் கூறத்தக்க காரணம் ஒன்றும் இல்லை.

வளர்ப்போர் கடன்

மரபு அறிவு நிறங்களைப் பெருக்குதற்கு மட்டும் உதவுவதன்று. துன்பத்தை விலக்குதற்கும் உதவுவது. மறைந்து நிற்பது நிறம் ஒன்றே அன்று. நோயும் அவ்வாறே மறைந்து நிற்கக்கூடும். புதிய இடத்தில் விட்டாலும், திடீரெனக் கையில் எடுத்தாலும் சில ஜெர்பில்களுக்கு வலிப்பு வருவது உண்டு. அவ்வியல்பு மரபுவழித் தொடர்வது என ஆய்வாளர் கண்டுள்ளனர். நிறம் நன்று என்பதற்காக அத்தகைய ஜெர்பிலை இனப்பெருக்கத்திற்குத் தெரிந்தெடுத்தால், நிறத்தோடு நோயையும் விதைத்தவராவோம். ஓர் அரிய நிறத்தை நிலைநிறுத்தும் பொருட்டு உடன்பிறந்தவற்றையே தலைமுறைதோறும் இணைப்பின், ஒடுங்கிக் கிடந்த குறைகள் ஒன்றோடொன்று கூடி வெளிப்படும் வாய்ப்பு மிகும்.

ஆதலின், ஜெர்பில் வளர்ப்போர் ஒரு குறிப்பேடு வைத்திருத்தல் நன்று. பெற்றோர் யாவை, ஈற்று நாள் யாது, பிறந்தவை எத்தனை, அவற்றின் நிறம் யாது, நோயுற்றவை எவை என்பவற்றை அதிற் குறித்தல் வேண்டும். கண் காட்டாததை அக்குறிப்பேடு காட்டும். இரண்டு மூன்று தலைமுறைக் குறிப்புகளைக் கொண்டே எது எதனைக் கரந்துள்ளது என்று பெரும்பாலும் உய்த்துணரலாம்.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. பெண் ஜெர்பில் ஈன்ற சில மணி நேரத்திலேயே மீண்டும் சூல்கொள்ளும் இயல்புடையது. ஓர் இணை ஓராண்டிற்குள் பெருங்கூட்டமாகிவிடக்கூடும். விரும்பிய நிறம் வரும்வரை ஈன்றுகொண்டே இருக்கட்டும் என்று விட்டால், விரும்பாத நிறத்தோடு பிறந்தவற்றின் கதி என்ன? அவற்றிற்கும் பசி உண்டு. வளையும் துணையும் வேண்டும். தம்மால் பேணக்கூடிய அளவும், பேணுவாரிடம் ஒப்படைக்கக்கூடிய அளவும் அறிந்த பின்னரே இணை சேர்த்தல் முறை.

நிறம் ஜெர்பிலின் குற்றமும் அன்று, குணமும் அன்று. பொன்னிறமாயினும் கருநிறமாயினும், ஆபத்து வந்தால் அது நிலத்தைத் தட்டித் தன் இனத்தைக் காக்கிறது. குட்டியின்மேல் தன் உடலை வைத்துக் குளிரைப் போக்குகிறது. நிறங்களை ஆக்கும் விதியை மனிதன் அறிந்துகொண்டான். அவ்விதியை அறியாத சிற்றுயிர், தன் இணையைத் தேரும் உரிமையையும் அவன் கையில் விட்டு நிற்கிறது. அறிந்தவன் அறியாததன் பொருட்டுச் சிந்தித்தல் வேண்டும். இரண்டு ஜெர்பில்களை ஒரு கூட்டில் விடுமுன், என்ன நிறம் பிறக்கும் என்று கேட்பதோடு, பிறப்பவை நலமாக வாழுமா என்றும் கேட்பவனே மரபியலைக் கற்றவன் ஆவான்.